எழுதப் படிக்கத் தடுமாறும் பிள்ளைகள்: ஆசிரியருக்கு எந்தப் பயிற்சி?

ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளை. எல்லோரும் சேர்ந்து பாடத்தைச் சொல்லும்போது குரல் கணீரென்று வருகிறது. தனியாக எழுப்பி, புத்தகத்தில் இல்லாத நாலு வரியை நீட்டினால் முதல் சொல்லிலேயே நின்றுவிடுகிறது. மதுரை மாநகராட்சிப் பள்ளியானாலும், உசிலம்பட்டிப் பக்கத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளியானாலும், டவுனுக்குள் இருக்கும் உதவிபெறும் பள்ளியானாலும் இப்படி ஒரு பிள்ளை கூட இல்லாத வகுப்பைப் பார்ப்பது அரிது.

இந்தப் பிள்ளைகளுக்குக் கைகொடுக்க ஆசிரியர்களைத் தயார் செய்ய வேண்டும் என்பதை யாரும் மறுப்பதில்லை. எப்படி என்பதில்தான் ஒவ்வொரு ஜூனிலும் தலைமையாசிரியரும் தாளாளரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் குழம்பிப்போகிறார்கள். கையில் இருக்கும் வழிகள் ஐந்து. ஒன்றியத்து ஆசிரியர்களுக்கான பயிற்சி மையமான வட்டார வள மையத்தின் கூடத்தில் இரண்டு மூன்று நாள் பயிற்சி. வகுப்புக்கே வந்து பக்கத்தில் உட்கார்ந்து வழிகாட்டும் ஒருவர். ஒரே ஒரு ஆசிரியரை நீண்ட சிறப்புக் கல்விப் படிப்புக்கு அனுப்புவது. செல்போனில் பார்க்கும் இணையவழிப் பாடம். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசுவது.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: கூடத்தில் ஒன்றரை நாள் போதும், மீதி முழுக்க வகுப்புக்குள் நடக்க வேண்டும். ஏன் என்று புரிய, ஒரு நோட்டுப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பத்துச் சொற்கள்

நான்காம் வகுப்பில் சொல்வதை எழுதுதல் வைத்ததாகக் கொள்வோம். இடப்பக்கம் ஆசிரியர் சொன்னது, வலப்பக்கம் பிள்ளை எழுதியது.

பட்டம் – படம்
கொக்கு – கெகு
பந்து – பது
மேகம் – மெகம்
வண்டி – வடி
கேட்டான் – கெடான்
பழம் – பளம்
நிலா – நிலா
தோட்டம் – தெடம்
சங்கு – சகு

வழக்கமாகத் திருத்தினால் பத்துக்கு ஒன்று. பிழையான ஒன்பதையும் ஐந்தைந்து முறை எழுதி வரச் சொல்வார்கள். பிள்ளையும் பார்த்துப் பார்த்து நாற்பத்தைந்து சொல் எழுதி வரும். அடுத்த வாரம் வேறு பத்துச் சொல் கொடுத்தால் இதே கதைதான்.

இந்தப் பக்கத்தைப் படிக்கத் தெரிந்த ஆசிரியர் ஒன்பது பிழையைப் பார்க்க மாட்டார், இரண்டைத்தான் பார்ப்பார். முதலாவது, ஏழு சொற்களில் நடுவில் வரும் ஒற்று விழுந்திருக்கிறது: பட்டம், கொக்கு, பந்து, வண்டி, கேட்டான், தோட்டம், சங்கு. ஆனால் கடைசியில் வரும் ஒற்று ஒன்றுகூட விழவில்லை. படம், மெகம், கெடான், பளம், தெடம் எல்லாவற்றிலும் இறுதி மெய் புள்ளியோடு சரியாக நிற்கிறது. ஆகவே பிள்ளைக்குப் புள்ளி தெரியும், மெய்யெழுத்தும் தெரியும். சொல்லுக்கு நடுவே ஒலி ஒரு கணம் நின்று போவது மட்டும் காதில் பிடிபடவில்லை. இந்தப் பிள்ளையை உட்கார வைத்துப் பதினெட்டு மெய்யையும் மறுபடி எழுத வைப்பது வீண் வேலை.

இரண்டாவது, கொம்பு. கொ, மே, கே, தோ நான்கும் ஒற்றைக் கொம்போடு நின்றுவிட்டன. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, கொம்போடு கால் என்ற மூன்றும் இந்தப் பிள்ளைக்கு ஒன்றுதான். தமிழ் எழுத்தில் உண்மையிலேயே கடினமான இடம் இது. கண்ணுக்குக் கொம்பு முதலில் தெரிகிறது, வாயில் மெய்யின் ஒலி முதலில் வருகிறது. இடமிருந்து வலமாகப் போகும் கண் முதல் அடியிலேயே தடுக்குகிறது.

'பளம்' என்று எழுதியதைப் பிழைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. மதுரைப் பக்கம் ஊரே 'வாளப்பளம்' என்றுதான் சொல்கிறது. பிள்ளை காதில் விழுந்ததைச் சரியாக எழுதியிருக்கிறது. ழ–ள, ர–ற வேறுபாட்டைச் சொல் சொல்லாகக் கண்ணால் பழக வேண்டும்; அதற்கு நேரம் இருக்கிறது. 'மாடு வந்துச்சு', 'போனாய்ங்க' என்று எழுதும் பிள்ளைக்கும் இது பொருந்தும். அது ஒலியை எழுத்தாக்கக் கற்றுவிட்டது, எழுத்து வழக்கு மட்டும் இன்னும் வரவில்லை. இரண்டையும் ஒரே சிவப்பு மையால் சுழித்தால் சரியாகச் செய்தது எது என்று பிள்ளைக்குத் தெரியாமல் போகும். வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ இந்தியோ பேசும் பிள்ளையென்றால் சொல்லின் பொருள் தெரியுமா என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். பொருள் தெரியாத சொல்லில் எழுத்துப் பிழையை ஆராய்ந்து பயனில்லை.

வைத்தியம் எளிது, ஆனால் தினமும் வேண்டும். நடு ஒற்றுக்கு: கடை–கட்டை, குடை–குட்டை, பசை–பச்சை, எடு–எட்டு, பாடு–பாட்டு என்று இணைச் சொற்கள். முதல் மூன்று நாள் எழுத்தே வேண்டாம். ஆசிரியர் சொல்வார், நடுவில் நின்று போகிறதா என்று பிள்ளை விரலால் காட்டட்டும். அடுத்து, கையில் புளியங்கொட்டை. குடைக்கு இரண்டு கொட்டை, குட்டைக்கு மூன்று: கு, ட், டை. நடுக் கொட்டையைத் தொடும்போது வாய் நிற்க வேண்டும். அதன் பிறகுதான் பென்சில். நாளுக்குப் பத்து நிமிடம், இரண்டு வாரம். கொம்புக்கு: 'கே' முழுவதையும் ஒரே ஒலியாகச் சொல்ல வைத்துவிட்டு, எழுதும்போது மட்டும் 'முதலில் கொம்பு, பிறகு எழுத்து, தேவையென்றால் கால்' என்று கைக்குப் பழக்க வேண்டும். கெட்டான்–கேட்டான் இணையைப் போட்டால் நெடில் ஏன் முக்கியம் என்பது பிள்ளைக்கே புரிந்துவிடும்.

ஆசிரியருக்குக் கிடைக்க வேண்டிய பயிற்சி இதுதான்: தன் வகுப்பின் நோட்டைப் படிக்கத் தெரிவது, எதைத் திருத்துவது எதை விடுவது என்று முடிவெடுப்பது, அந்தப் பத்து நிமிடத்தைத் தவறாமல் நடத்துவது. ஐந்து வழிகளையும் இந்த அளவுகோலால் பார்க்கலாம்.

கூடத்தில் நடக்கும் பயிற்சி

மதுரை மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டார வள மையம். எல்லா ஆசிரியரையும் ஒரே நேரத்தில் சேர்ப்பதற்கும், ஒரே சொற்களைப் பேச வைப்பதற்கும் கூடத்தை விட்டால் வழியில்லை. 2022 ஜூனில் அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபோது அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகள் பள்ளிக்குப் பள்ளி பழக்கமானது இப்படித்தான். முதலில் 1 முதல் 3 வகுப்புகளுக்கு, பிறகு 4, 5 வகுப்புகளுக்கு.

சிக்கல் பயிற்சி இறங்கி வரும் வழியில் இருக்கிறது. மாநில அளவில் கற்றவர் மாவட்டத்துக்குச் சொல்கிறார், மாவட்டத்தில் கற்றவர் ஒன்றியத்துக்குச் சொல்கிறார். மேலே ஒரு மணி நேரம் செய்து பார்த்த காது பழக்கம் கீழே வரும்போது திரையில் ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது. கூடத்தில் பிள்ளையும் இல்லை. ஆசிரியர்களே பிள்ளைகளாக நடித்து வாசிக்கும்போது யாருக்கும் ஒற்று விழாது, கொம்பு தடுக்காது. அதனால் எல்லாம் சுலபமாகத் தெரிகிறது. திங்கட்கிழமை வகுப்பில் பிள்ளை 'கெகு' என்று எழுதும்போது கேட்க ஆளில்லை.

இன்னொன்று, ஈராசிரியர் பள்ளி. ஒருவர் மூன்று நாள் பயிற்சிக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அந்த மூன்று நாளில் இழப்பது தடுமாறும் பிள்ளைகள்தான். மற்றவர்கள் புத்தகத்தை எடுத்துத் தாங்களே படித்துக்கொள்வார்கள்.

கூடத்தை வைத்தே தீர வேண்டுமென்றால் மூன்றை மாற்றுங்கள். ஆளுக்கு ஐந்து நோட்டு, நன்றாக எழுதும் பிள்ளையுடையது அல்லாத ஐந்து, கொண்டு வரச் சொல்லுங்கள். பேச்சைக் காலையோடு முடித்துவிட்டு, மதியம் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஆறு பிள்ளைகளை வரவழைத்து ஒவ்வொருவரையும் நாலு வரி வாசிக்க வையுங்கள். கூடத்துக்கு முப்பது பேருக்கு மேல் வேண்டாம்.

வகுப்புக்குள் வந்து உடனிருப்பது

கூடமா, வகுப்பறையா என்பதை நேரடியாகவே ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில் 2015, 2016 ஆம் ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளைப் பிரிவுகளாக்கி, இரு பிரிவை ஒப்பிட்டார்கள். இரண்டுக்கும் ஒரே பாடத் திட்டம், ஒரே வாசிப்பு நூல்கள். ஒரு பிரிவு ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை, தலா இரண்டு நாள் கூடப் பயிற்சி. மற்றதற்கு வகுப்புக்கே வரும் வழிகாட்டி. இரண்டாண்டு முடிவில், வழக்கம்போல் நடந்த பள்ளிகளைவிடக் கூடுதலாக வாசிப்பில் கண்ட முன்னேற்றம், வழிகாட்டி வந்த பள்ளிகளில் கூடப் பயிற்சிப் பள்ளிகளைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. அங்கே கற்பித்தது செட்ஸ்வானா என்ற தாய்மொழியில்; ஏறக்குறைய எழுதியபடியே ஒலிக்கும் மொழி, ஆங்கிலம்போல் எழுத்து ஒன்று ஒலி வேறு என்றில்லை. அதனால் அந்த முடிவு நமக்கும் நெருக்கமானது.

நம் நாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. பிரதம் என்ற தொண்டு நிறுவனத்தின், வகுப்பைப் பார்க்காமல் பிள்ளை வாசிக்கும் நிலையைப் பார்த்துக் குழு பிரிக்கும் நிலைவாரிக் கற்பித்தல் முறையைப் பீகாரிலும் உத்தரகாண்டிலும் பயிற்சி, கையேடு ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டபோது பிள்ளைகளின் வாசிப்பில் சொல்லும்படியான மாற்றம் வரவில்லை. ஹரியாணாவில் 2012–13இல் நாளுக்கு ஒரு மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்கி, வட்டார அலுவலர்களை வகுப்புக்கு அனுப்பித் துணை நிற்க வைத்தபோது வந்தது. அந்த அலுவலர்கள் ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரப் போகும் முன் தாங்களே சில வாரம் பிள்ளைகளுக்கு அந்த முறையில் பாடம் நடத்திப் பார்த்தார்கள். இது பலரும் கவனிக்காமல் விடும் விவரம். வழிகாட்டியாக வருபவர் தடுமாறும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பழகியவராக இருக்க வேண்டும். பட்டமும் பணிமூப்பும் அதற்கு ஈடாகாது.

வருகை ஒவ்வொன்றும் இப்படி இருக்கட்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஒரு ஆசிரியருக்கு ஒரு மணி நேரம். நாற்பது நிமிடம் வகுப்பு, இருபது நிமிடம் பேச்சு. வழிகாட்டி பின் வரிசையில், முன்கூட்டியே பேசி வைத்த இரண்டு பிள்ளைகளின் பக்கத்தில் தரையில் உட்காருவார். நாற்காலி வேண்டாம், நாற்காலி போட்டதும் அது ஆய்வாகிவிடும். பிள்ளை வாசிக்கும் வரிகளின் நகல் அவர் கையில் இருக்கும். சரியாக வாசித்த சொல்லுக்கு ஒரு புள்ளி. பிழையாக வாசித்தால் பிள்ளை சொன்னதை அப்படியே மேலே எழுதுவார். நின்ற இடத்தில் ஒரு கோடு. பேச்சின்போது அந்தத் தாளும் பிள்ளையின் நோட்டும்தான் நடுவில் இருக்கும். அடுத்த வருகைக்குள் மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று. அதை ஆசிரியரே தேர்ந்தெடுப்பார். அடுத்த முறை அந்த ஒன்றை மட்டும் பார்ப்பார்கள்.

இப்படி உட்கார்ந்தால்தான் தெரியும் சில சங்கதிகள் உண்டு. பிள்ளை ஒரு சொல்லில் நின்றதும் ஆசிரியரோ பக்கத்துப் பிள்ளையோ உடனே அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவார்கள். நல்ல மனசோடு செய்யும் உதவிதான், ஆனால் பிள்ளை எழுத்தைப் பார்க்க வேண்டிய தேவையே அதோடு போய்விடுகிறது. மனசுக்குள் ஐந்து எண்ணும்வரை காத்திருங்கள் என்ற ஒரே யோசனை பல வகுப்புகளை மாற்றிவிடும். இன்னொன்று, 'க் + அ = க, ட் + அ = ட' என்று ஒவ்வொரு எழுத்தையும் பிரித்துச் சொல்லவைத்து வாசிக்க விடுவது. அது இலக்கண விளக்கம், வாசிப்புக்கு உதவாது. 'கடல்' என்ற சொல்லுக்குப் போய்ச் சேரும் முன் பிள்ளைக்கு முதல் எழுத்து மறந்துபோகும். கண்ட எழுத்தை அப்படியே 'க' என்று சொல்லி, இழுத்து அடுத்ததோடு சேர்க்கப் பழக்க வேண்டும். தனக்கு இந்தப் பழக்கம் இருப்பது நடத்திக்கொண்டிருக்கும் ஆசிரியருக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் சொன்னால்தான் தெரியும்.

இது கெட்டுப்போகும் வழிகளும் உண்டு. வழிகாட்டி சாக்பீஸை வாங்கித் தானே பாடம் எடுக்க ஆரம்பிப்பார். ஆசிரியர் ஒதுங்கி வேடிக்கை பார்ப்பார். வழிகாட்டி பதிவேடு கேட்பார், அன்றிலிருந்து அவர் வரும் நாளில் நன்றாக வாசிக்கும் பிள்ளைகள் முன் வரிசைக்கு வருவார்கள். குறிப்பை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புவார். அதோடு ஆசிரியர் மனம் திறந்து பேசுவது நின்றுபோகும். எட்டுக் குறை சொல்வார், எட்டில் ஒன்றும் மாறாது. தொடங்கும் முன்பே தலைமையாசிரியர் எல்லோர் முன்னிலையிலும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இந்தக் குறிப்பு ஆசிரியரின் சொத்து, அலுவலகத்துக்குப் போகாது.

நேரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். மூன்று நாள் கூடப் பயிற்சி, நாளுக்கு ஆறு மணி என்றால் 18 மணி நேரம், முழுவதும் வகுப்பிலிருந்து எடுத்தது. ஒன்றரை நாள் கூடத்துக்கு 9 மணி. தேர்வு, பொங்கல் விடுமுறை போக ஜூலை முதல் மார்ச் வரை ஏறத்தாழ 14 வருகை. ஒவ்வொன்றிலும் நாற்பது நிமிடம் ஆசிரியர் எப்படியும் நடத்த வேண்டிய வகுப்புதான். பேச்சுக்குப் போவது இருபது நிமிடம் மட்டும். மொத்தம் 4 மணி 40 நிமிடம். கூடத்தையும் சேர்த்தால் 13 மணி 40 நிமிடம். பிள்ளைகள் இழக்கும் நேரம் இதில்தான் குறைவு.

செலவும் சுமையும் வழிகாட்டியின் பக்கம் விழுகிறது. ஒரு காலையில் நான்கு ஆசிரியரைப் பார்க்கலாம். ஆறு ஆசிரியர் உள்ள பள்ளிக்குப் பதினைந்து நாளில் இரண்டு காலை. ஒருவர் நான்கு பள்ளிக்கு மேல் ஏற்கக் கூடாது. மாட்டுத்தாவணியில் ஏறி மேலூர் போய், அங்கிருந்து கொட்டாம்பட்டிப் பக்கத்துச் சிற்றூருக்கு டவுன்பஸ் பிடித்தால் பள்ளி மணி அடித்து வெகு நேரம் ஆகியிருக்கும். அதனால் வழிகாட்டியை அந்த ஊர்ப் பக்கமே தேடுங்கள். வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர்களுக்குக் கூட்டமும் புள்ளிவிவர வேலையும் குவிந்து கிடக்கின்றன. பதினைந்து நாளுக்கு ஒருமுறை தவறாமல் வர அவர்களால் முடியாமல் போகலாம். ஒன்றாம் வகுப்பில் ஆண்டுக்கணக்காக நின்ற, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் உள்ளூரிலேயே இருப்பார். பெரும்பாலும் அவர்தான் சரியான ஆள். ஒரே எச்சரிக்கை: பழைய முறையில் எழுத்துப் பழகியவர்களின் கை, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, ணை, னை வடிவங்களுக்குத் தன்னையறியாமல் போகும். கரும்பலகையில் அது தடுமாறும் பிள்ளைக்கு இன்னொரு புதிய எழுத்து.

ஒருவரை நீண்ட படிப்புக்கு அனுப்புவது

இந்திய மறுவாழ்வுக் கழகம் ஏற்ற சிறப்புக் கல்விப் பட்டயம் இரண்டு ஆண்டு. முடித்தவருக்குக் கற்றல் குறைபாட்டை அடையாளம் காணவும் தனியாள் திட்டம் போடவும் தெரியும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்சியா போன்ற குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் தன் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. மருத்துவச் சான்றும் தேர்வில் கூடுதல் நேரமும் கேட்கப் பெற்றோருக்கு வழிகாட்ட ஒருவர் பள்ளியில் இருப்பது பெரிய பலம்.

ஆனால் தடுமாறும் எல்லாப் பிள்ளைக்கும் குறைபாடு இல்லை. பலருக்கு நாள் தவறியிருக்கும், எழுத்து நிலையிலேயே விட்டுப்போயிருக்கும், கண் சரியாகத் தெரியாது, காது மந்தமாக இருக்கும். நோட்டைப் பார்த்து ஒற்று விழுகிறது என்று முடிவு கட்டும் முன் காதைப் பரிசோதிக்க வேண்டும். கண்ணுக்கு மதுரையில் குறைவில்லை. 1976இலிருந்து அரவிந்த் கண் மருத்துவமனை இங்கேதான் இருக்கிறது. பள்ளிக்குள் ஒரு 'ஸ்பெஷல் டீச்சர்' வந்துவிட்டால் மற்றவர்கள் தடுமாறும் பிள்ளைகள் அத்தனை பேரையும் அவர் அறைக்கு அனுப்பிவிடும் ஆபத்து உண்டு. அவர் முப்பது பிள்ளையை வைத்துக்கொண்டு தவிப்பார், வகுப்பாசிரியர் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்.

அரசுப் பள்ளியில் இன்னொரு யதார்த்தம்: படித்து முடித்தவர் அடுத்த கலந்தாய்வில் இடம் மாறிப்போகலாம். உதவிபெறும் பள்ளியில் ஆசிரியர் அதே நிர்வாகத்தில் தொடர்ந்து இருப்பார் என்பதால் இந்த முதலீடு அங்கே தங்கும். ஆகவே உதவிபெறும் பள்ளித் தாளாளர்கள் இரண்டாம் ஆண்டில் இதைத் தாராளமாக யோசிக்கலாம். அரசுத் தொடக்கப் பள்ளி வட்டார அளவிலான சிறப்பாசிரியரை அழைத்துக்கொண்டால் போதும். பயிற்சிக்குப் பிறகும் ஒரு பருவம் முழுக்கத் தினப் பத்து நிமிடம் கொடுத்தும் அசையாத பிள்ளைகளின் பட்டியலோடு அழைக்க வேண்டும். வெறும் மதிப்பெண் பட்டியலோடு கூடாது.

இணையவழியும் மாதக் கூட்டமும்

மத்திய அரசின் இணையக் கல்வித் தளமான திக்‌ஷாவில் பாடங்கள் இருக்கின்றன, செலவில்லை, வீட்டிலிருந்தே பார்க்கலாம். அறிமுகத்துக்கும் நினைவூட்டலுக்கும் நல்லது. தனி வழியாக எடுத்துக்கொள்ள முடியாது. காணொளி ஓடி முடிந்து சான்றிதழ் வந்துவிடும், நோட்டுப் பக்கம் அப்படியே இருக்கும். தென்னாப்பிரிக்காவிலேயே இன்னொரு மாகாணத்தில் டேப்லட், போன் வழியாக வழிகாட்டுவதை நேரில் வருவதோடு ஒப்பிட்டார்கள். முதல் ஆண்டில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தன. மூன்றாம் ஆண்டு முடிவில் நேரில் வந்தவர்களின் பள்ளிகள்தான் முன்னே நின்றன. ஓராண்டு முடிவை மட்டும் வைத்து 'போன் போதும்' என்று தீர்மானிக்கக் கூடாது. மழையாலோ பஸ் வராததாலோ விட்டுப்போன ஒரு வருகைக்குப் பதிலாக, வாசித்ததை வாட்ஸ்அப்பில் பதிவு செய்து அனுப்பிப் பேசிக்கொள்ளலாம். அதோடு சரி.

குறுவள மையக் கூட்டம் வேறு வகை. மூன்று நான்கு பள்ளி ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம். சுற்றறிக்கை வாசிக்க ஆரம்பித்தால் அன்றைய கூட்டம் போனதுதான். ஆளுக்கு ஒரு நோட்டு, ஒரே பிள்ளையுடையது, மாதாமாதம் அதே பிள்ளை. எல்லோரும் சேர்ந்து அந்தப் பக்கத்தைப் படிப்பது என்று வைத்துக்கொண்டால் வழிகாட்டியே கிடைக்காத இடத்தில்கூட இது பாதிப் பலன் தரும் என்பது எங்கள் நம்பிக்கை.

எந்தப் பள்ளிக்கு எது

ஈராசிரியர் பள்ளிகள் பக்கத்து இரண்டு மூன்று பள்ளிகளோடு சேர்ந்து ஒரே வழிகாட்டியை வைத்துக்கொள்ளட்டும். கூடப் பயிற்சியை மூன்று அரைநாளாகப் பிரித்து சனிக்கிழமைகளில் வைத்தால் வகுப்பு கெடாது. மாதக் கூட்டமும் இவர்களுக்கு அவசியம்.

ஒரு வகுப்புக்கு இரண்டு மூன்று பிரிவுள்ள பெரிய தொடக்கப் பள்ளிகளுக்கு வழிகாட்டி தவறாமல் வர வேண்டும். முதல் ஆண்டிலேயே எல்லோரையும் சேர்க்க வேண்டாம். 2, 3, 4ஆம் வகுப்பு ஆசிரியர்களில் விரும்பும் நான்கு பேரோடு தொடங்குங்கள். அடுத்த ஆண்டு அவர்களில் ஒருவரே பள்ளிக்குள் வழிகாட்டியாவார்.

நடுநிலைப் பள்ளியின் கதை தனி. ஐந்தாம் வகுப்புவரை நடத்தும் இடைநிலை ஆசிரியருக்கு எழுத்தறிமுகம் அவர் பட்டயப் படிப்பிலேயே உண்டு. ஆறாம் வகுப்புக்கு வரும் பட்டதாரி ஆசிரியர் அறிவியலோ சமூக அறிவியலோ படித்துவிட்டு வந்தவர். 'கொ' எழுதத் தெரியாத பிள்ளைக்கு என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. அவருக்கு மட்டும் கூடப் பயிற்சி முழுதாக மூன்று நாள் வேண்டும். அதில் ஒரு முழு நாள் உகர, ஊகார வரிசைக்கே போகலாம். கு, சு, டு, து, மு, ரு, று என்று எழுத்துக்கு எழுத்து குறி மாறும் வரிசை அது; பன்னிரண்டு வயதுப் பிள்ளை வெட்கப்பட்டு மறைத்து வைத்திருக்கும் ஓட்டை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அந்த வயதில் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுக்கக் கூடாது. பஸ் பெயர்ப்பலகை, கபடிப் போட்டி நோட்டீஸ், கடைப் பட்டியல் என்று பெரியவர்கள் படிப்பதிலிருந்தே சொற்களை எடுங்கள்.

காலண்டரையும் போட்டுவிடுங்கள். ஜூன் முதல் இரண்டு வாரம் எல்லாப் பிள்ளையையும் தனித்தனியாக வாசிக்க வைத்து, மேலே சொன்ன மாதிரி பத்துச் சொல் எழுத வைப்பது. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம். ஜூன் கடைசியில் கூடம். ஜூலையில் முதல் வருகை. காலாண்டுத் தேர்வு, அரையாண்டுத் தேர்வு வாரங்களில் வருகை வேண்டாம். பொங்கல் வாரத்தில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் பிள்ளைகளின் மனசு வாடிவாசலில் இருக்கும். அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள். மல்லிகைத் தோட்டம் உள்ள ஊர்களில் விடியலில் பூப்பறிக்கப் போய்வந்த பிள்ளை முதல் பாடவேளையில் சோர்ந்திருக்கும். தினப் பத்து நிமிடத்தை அங்கே இரண்டாம் பாடவேளைக்கு மாற்றுங்கள்.

டிசம்பரில் சரிபார்க்கும்போது ஆசிரியர்களிடம் பயிற்சி எப்படி இருந்தது என்று படிவம் கொடுத்துக் கேட்க வேண்டாம். ஜூனில் எழுதிய பத்துச் சொல்லை அப்படியே கொடுக்கவும் வேண்டாம், பிள்ளைகளுக்கு மனப்பாடமாகியிருக்கும். அதே வகைச் சொற்கள், வேறு பத்து: கட்டம், தொட்டி, பம்பு, சேவல், மஞ்சள் என்று போடுங்கள். மதிப்பெண் போடாமல், நடு ஒற்று எத்தனை விழுந்தது, கொம்பு எத்தனை மாறியது என்று இரண்டே எண்ணிக்கையை ஜூன் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஒற்று குறைந்து கொம்பு குறையவில்லையென்றால் ஜனவரியில் கொம்புக்கு மாறுங்கள். இரண்டுமே குறையவில்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது வழிகாட்டியின் வருகைத் தேதிகளை. 14இல் எத்தனை நடந்தது என்று எண்ணிப் பாருங்கள்.